புளூட்டோவுக்கு முன்பே ஒன்று வெளியே போயிருக்கிறது

சரி, ரெக்கார்ட் ஆகிறது. கையில் இருக்கும் இந்த எலுமிச்சம்பழத்தைப் பூமி என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கொண்டைக்கடலை, இருங்கள், கேமரா பிடிக்க மாட்டேன் என்கிறது, ஆங், இதுதான் புளூட்டோ. நம் நிலாவை விடச் சின்னது. 1930ல் கிளைட் டாம்பா கண்டுபிடித்தபோது பூமி அளவுக்கு நிறை இருக்கும் என்றுகூட நினைத்தார்கள். 1978ல் அதைச் சுற்றும் சாரன் என்ற நிலா கண்ணில் பட்ட பிறகுதான் சரியாகக் கணக்குப் போட முடிந்தது, பூமியில் சுமார் 450ல் ஒரு பங்குதான்.

ஆனால் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கியது அது சின்னது என்பதற்காக இல்லை. எனக்குப் பிடித்த கதை இங்கேதான் இருக்கிறது. 1801 ஜனவரி 1, சிசிலியின் பலெர்மோவில் பியாசி என்ற பாதிரியார் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே செரஸைப் பார்த்தார். புதுக் கோள் என்று கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டே அதே இடத்தில் பல்லாஸ், 1804ல் ஜூனோ, 1807ல் வெஸ்டா, எல்லாமே கோள் பட்டியலில்தான் ஏறின. 1845க்குப் பிறகு வரிசைகட்டி வந்து, 1851 முடிவதற்குள் அந்த இடைவெளியில் மட்டும் 15 ஆகிவிட்டன. இனித் தாங்காது என்று எல்லாவற்றையும் சிறுகோள் என்று தனியே ஒதுக்கினார்கள். செரஸுக்காக இன்று யார் அழுகிறார்கள்?

புளூட்டோவுக்கும் இதே கதி. 1992லிருந்து நெப்டியூனுக்கு அப்பால் புதுப் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்க, 2005ல் வானியலாளர் மைக் பிரவுன் குழு ஏரிஸைக் கண்டுபிடித்தது. அதன் நிறை புளூட்டோவை விட அதிகம். ஏரிஸையும் கோளாகச் சேர்ப்பதா, இல்லை புளூட்டோவையும் எடுப்பதா?

2006 ஆகஸ்டில் பிராகாவில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கூடியபோது முதல் வரைவில் 12 கோள்கள், நம்ம செரஸ் உள்பட! அது எடுபடவில்லை. 24ஆம் தேதி மஞ்சள் அட்டையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள்: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ அவுட், பெயர் குறுங்கோள்.

உடனே கேட்பீர்கள், புளூட்டோதான் 1979லிருந்து 1999 வரை நெப்டியூனை விடச் சூரியனுக்கு அருகில் இருந்ததே, அப்படியென்றால் நெப்டியூனும் துப்புரவாக்கவில்லைதானே என்று. நியாயமான கேள்வி, வார்த்தையில்தான் கோளாறு. துப்புரவு என்றால் பெருக்கித் தள்ளுவது மட்டுமில்லை. விழுங்கலாம், வெளியே வீசலாம், இல்லை தன் தாளத்துக்கு ஆட வைக்கலாம். நெப்டியூன் மூன்று சுற்று முடிப்பதற்குள் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று, இந்தக் கணக்கு பிசகாததால் இரண்டும் மோதுவதே இல்லை. நிறையில் நெப்டியூன் ஏறக்குறைய 8000 மடங்கு, அந்தப் பக்கம் யார் சொல்வது நடக்கும் என்று நீங்களே பாருங்கள்.

எனக்கு உறுத்துவது முதல் நிபந்தனைதான். 'சூரியனை' என்று எழுதிவிட்டதால் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கான கோள்களுக்கு இந்த வரையறையில் இடமே இல்லை. அதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம், இப்போது எலுமிச்சம்பழத்தை அம்மா கேட்கிறார்.