தண்டவாளம் ஒருவருடையது, சிக்னல் இன்னொருவர் கையில்: போக்கீப்ஸி முதல் ஹாஃப்மன்ஸ் வரை

வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியில், ஹட்சன் ஆற்றங்கரைப் பூங்காவிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது லிவிங்ஸ்டன் அவென்யூ பாலம். கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே சுழன்று வழிவிடும் இந்த இரும்புப் பாலம் 1901, 1902 ஆண்டுகளில் எழுப்பப்பட்டது. அதைத் தாங்கும் கல் தூண்களோ 1866-இல் முதல் பாலம் அமைந்த காலத்தவை. சற்று முன் ஒரு பயணிகள் ரயில் இதைக் கடந்ததைப் பதிவு செய்திருக்கிறேன், பாருங்கள். மணிக்கு 15 மைல், அதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேகத்தில், சைக்கிளில் செல்பவர் உடன் வந்துவிடக்கூடிய அளவுக்கு மெதுவாக ஊர்ந்து செல்கிறது. பாலத்தில் இரண்டு தடங்கள் இருந்தும், எடையைக் கருதி ஒரு நேரத்தில் ஒரு ரயிலைத்தான் அனுமதிக்கிறார்கள். இதே ரயில் பாலத்தைத் தாண்டிச் சில நிமிடங்களில் மணிக்கு 110 மைல் வேகத்தைத் தொடக்கூடியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாலமும், தெற்கே போக்கீப்ஸியிலிருந்து வடமேற்கே ஸ்கெனெக்டடியைத் தாண்டி ஹாஃப்மன்ஸ் என்ற சிற்றூர் வரை செல்லும் ஏறத்தாழ 94 மைல் இருப்புப்பாதையும், சிஎஸ்எக்ஸ் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஆனால் 2012 டிசம்பர் முதல் இந்தப் பாதையைக் குத்தகைக்கு எடுத்து, பராமரித்து, ரயில்களுக்குச் சிக்னல் கொடுத்து இயக்குவது பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக். இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது, எதைச் சாதித்தது, எங்கே நின்றுவிட்டது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தியாவில் சரக்கு ரயிலும் பயணிகள் ரயிலும் ஒரே ரயில்வேயின் கீழ் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அமெரிக்காவின் நிலைமை முதலில் விளங்குவது கடினம். இங்கே பெரும்பாலான இருப்புப்பாதைகள் தனியார் சரக்கு நிறுவனங்களின் சொத்து. ஒரு காலத்தில் அந்த நிறுவனங்களே பயணிகள் ரயில்களையும் ஓட்டின. நெடுஞ்சாலையும் விமானமும் பயணிகளை இழுத்துக்கொண்ட பிறகு அந்தச் சேவை பெரும் நட்டத்தில் முடிந்ததால், 1970-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அச்சுமையை அவற்றின் தோளிலிருந்து இறக்கியது. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் ஓடத் தொடங்கியது. சுமை நீங்கியதற்கு ஈடாகத் தங்கள் பாதைகளில் ஆம்ட்ராக்கை அனுமதிக்க அந்நிறுவனங்கள் கடமைப்பட்டன. சரக்கு ரயிலைவிடப் பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1973-இல் சட்டமும் வந்தது.

சட்டம் அப்படிச் சொல்கிறது. தண்டவாளத்தில் நடப்பது வேறு. எந்த ரயிலை விடுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டாளர் பாதையின் உரிமையாளரிடம் சம்பளம் வாங்குபவர். இந்த நாட்டின் வேறொரு பகுதியில் நான் செய்த ஒரு பயணத்தில், எங்கள் ரயில் சோளக்காட்டின் நடுவே ஒரு லூப் லைனில், அதாவது ரயில்கள் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்தில், நாற்பது நிமிடத்துக்கும் மேல் நின்றது. நம் ஊரில் ‘கிராஸிங்’ என்று சொல்லிக்கொண்டு காத்திருப்போமே, அதுதான். எதிரே வந்த சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பதைத் தாண்டியது. எனக்கு அடுத்த இருக்கையில் மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டி நிமிடத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று லூப் லைனில் ஒதுங்க வேண்டும். இன்றைய சரக்கு ரயில்கள் இரண்டு மைலையும் தாண்டி நீள்கின்றன; பல லூப் லைன்கள் அவ்வளவு நீளமில்லை. ஆகவே கட்டுப்பாட்டாளர் மனதார விரும்பினாலும், ஒதுங்கக்கூடியது குட்டையான பயணிகள் ரயில் மட்டுமே.

முன்னுரிமைச் சட்டம் மீறப்பட்டால் ஆம்ட்ராக் தானே நீதிமன்றம் செல்ல முடியாது. நாட்டின் நீதித்துறைதான் வழக்குத் தொடர வேண்டும். அது அப்படி வழக்குத் தொடர்ந்தது இரண்டே முறை: 1979-இல் சதர்ன் பசிபிக் என்ற சரக்கு நிறுவனத்தின் மீதும், 2024 ஜூலையில் நார்ஃபோக் சதர்ன் என்ற இன்னொரு சரக்கு நிறுவனத்தின் மீதும். இடையில் கடந்தவை நாற்பத்தைந்து ஆண்டுகள். காகிதத்தில் உள்ள முன்னுரிமையை நம்பி எந்தப் பயணியும் தன் நாளைத் திட்டமிட முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்றே கருதுகிறேன்.

இந்தக் குத்தகையை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான். இதில் மிக முக்கியமாகக் கைமாறியது கட்டுப்பாட்டு அறை. சிஎஸ்எக்ஸின் சரக்கு ரயில்கள் இன்றும் இந்தப் பாதையில் வந்துபோகின்றன; ஆனால் இப்போது வழி கேட்பவர்கள் அவர்கள், வழி கொடுப்பது ஆம்ட்ராக். அந்த அதிகாரம் கைக்கு வந்த பிறகுதான், பாதையில் பொதுப் பணத்தைப் போடுவதற்கும் பொருள் பிறந்தது.

அந்தப் பணம் எங்கே போனது என்று பார்ப்போம். ஆல்பனிக்கும் ஸ்கெனெக்டடிக்கும் இடையே பல பத்தாண்டுகளுக்கு முன்பே இரண்டாவது தடத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். கிளம்ப வேண்டிய ரயில், எதிர் ரயில் வந்து சேரும் வரை நிலையத்திலேயே நிற்கும். ஒரு ரயிலின் தாமதம் அடுத்த ரயிலையும் பிடித்துக்கொள்ளும். குத்தகைக்குப் பிறகு சுமார் 17 மைல் தூரத்துக்கு மீண்டும் இரட்டைப் பாதை போடப்பட்டது. ஆல்பனிக்கு எதிர்க்கரையில் உள்ள ரென்சிலர் நிலையத்தில் நான்காவது தடம் வந்தது. போக்கீப்ஸிக்கும் ஆல்பனிக்கும் இடையே புயலடித்தால் மரம் விழுந்து அறுந்துகொண்டிருந்த சிக்னல் கம்பிகளை மண்ணுக்கு அடியில் புதைத்தார்கள். கேமராவுக்கு முன் காட்டும்படியான பணிகள் இவை அல்ல. ஆனால் ரயில் நேரத்துக்கு வருவது இவற்றால்தான்.

சரக்கு நிறுவனமே இவற்றைச் செய்திருக்காதா என்று சிலர் கேட்பதுண்டு. செய்திருக்காது, அதற்காக அதைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் தண்டவாளங்களைத் தரம் பிரித்து வேகம் வகுத்திருக்கிறார்கள். நான்காம் தரத்தில் சரக்கு ரயில் 60 மைல், பயணிகள் ரயில் 80 மைல் வரை போகலாம்; 110 மைலுக்கு ஆறாம் தரம் வேண்டும். தரம் ஒரு படி உயர்ந்தாலும் ஜல்லி, சிலிப்பர் கட்டை, அளவுப் பரிசோதனை என எல்லாச் செலவும் ஏறும். நிலக்கரிக்கும் கோதுமைக்கும் அந்த வேகம் எதற்கு? வளைவுகளிலும் இதே இழுபறிதான். வேகமான ரயிலுக்காக வெளித் தண்டவாளத்தை அதிகமாக உயர்த்தி அமைத்தால், அதில் மெதுவாக வரும் கனமான சரக்கு ரயிலின் பாரமெல்லாம் உள் தண்டவாளத்தின் மேல் விழுந்து அதைத் தேய்த்துவிடும்.

அப்படியானால் சிஎஸ்எக்ஸ் ஏன் இந்தப் பாதையைக் கொடுத்தது? விடை வரைபடத்தில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் அதன் சரக்கு ரயில்கள் ஹாஃப்மன்ஸில் பிரிந்து, ஆல்பனிக்குத் தெற்கே, சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் செல்கர்க் யார்டுக்குச் செல்கின்றன. அங்கிருந்து ஹட்சனின் மேற்குக் கரை வழியாக நியூ ஜெர்சிக்கு இறங்குகின்றன. பயணிகள் ரயில்கள் ஓடும் கிழக்குக் கரைப் பாதை அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. குத்தகை சரியாக ஹாஃப்மன்ஸில் முடிவதன் காரணமும் அதுதான். அதற்கு மேற்கே சைரக்யூஸ், ராச்செஸ்டர், பஃபலோ வரை நீள்வது சிஎஸ்எக்ஸின் வருமானம் ஓடும் முதன்மைப் பாதை. அங்கே பயணிகள் ரயிலின் உச்ச வேகம் 79 மைலாகக் குறைந்துவிடுகிறது. சிக்னலும் மீண்டும் சரக்கு நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அந்தப் பகுதிக்காக மாநில அரசு ஏற்றுக்கொண்டிருக்கும் திட்டம், 90 மைல் வேகத்தில் செல்லத் தனித் தடம் அமைப்பது.

சரக்கு நெரிசல் மிகுந்த இடத்தில் குத்தகை பலிக்காது. வர்ஜீனியா மாநிலம் அதை உணர்ந்து, 525 மில்லியன் டாலருக்குச் சிஎஸ்எக்ஸிடமிருந்து 350 மைல் நீளத்துக்குப் பாதைக்கான நிலத்தையும் 225 மைல் தடத்தையும் விலைக்கே வாங்கியது. 2021-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மிச்சிகனும் கலமசூ முதல் டியர்பார்ன் வரை 135 மைல் பாதையை நார்ஃபோக் சதர்னிடமிருந்து வாங்கிவிட்டது. பணமும் துணிவும் உள்ள மாநிலங்களுக்கு அதுவே நேர்வழி என்பது என் கருத்து.

ஏனென்றால் குத்தகையில் ஒரு கேள்வி எப்போதும் தொக்கி நிற்கும்: அடுத்த நூறாண்டுக்கான செலவை யார் செய்வது? மறுபடியும் இந்தப் பாலத்தைப் பாருங்கள். பாதை கைமாறிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும், தடம் புதிதாகியும், சிக்னல் புதிதாகியும், நூற்றிருபது வயது தாண்டிய இரும்பின் மேல் ரயில்கள் இன்னும் ஊர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. உரிமையாளருக்கு இதனால் வருமானம் குறைவு; குத்தகைதாரரிடம் அவ்வளவு பணமில்லை. இறுதியில் நியூயார்க் மாநில அரசுதான் புதிய பாலத்துக்கான செலவில் பெரும்பங்கை ஏற்க முன்வந்தது. புதிய பாலத்தில் இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் எதிரெதிரே கடக்கலாம். இன்று கரையோடு நின்றுவிடும் நாமும் அதற்கென அமையும் நடைபாதையில் ஆற்றைக் கடக்கலாம். அந்த நடைபாதை திறக்கும் நாளில் இதே கேமராவோடு அதன் நடுவில் நின்று பேசுகிறேன்.