சிரிப்பு எப்போது வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். சிரிப்பைப் பற்றிப் பேச வானொலியைவிட ஏற்ற இடம் இல்லை. முகம் தெரியாது, பல் தெரியாது. ஒலி மட்டும்தான் உங்களை வந்து சேரும்.

ஆங்கிலம் இந்த ஒலிக்குத் தாராளமாகப் பெயர் சூட்டியிருக்கிறது. அடக்கமாட்டாமல் கிளுகிளுவென்று சிரித்தால் கிகிள். தனக்குள்ளே மெல்ல நகைத்துக்கொண்டால் சக்கிள். வெடித்துச் சிரித்தால் கஃபா. பிறரை இளக்காரமாக எண்ணி வாய்க்குள் அடக்கிச் சிரித்தால் ஸ்னிகர். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால், மனிதன் உண்மையில் எப்போது சிரிக்கிறான் என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் ஒட்டுக்கேட்கவே கிளம்பினார்.

அவர் அமெரிக்காவின் மேரிலாந்தில் பேராசிரியராக இருந்த ராபர்ட் ப்ரொவைன். அவரும் மாணவர்களும் கடைவீதிகளிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் உலவி, பக்கத்தில் இருப்பவர்கள் பேசியதைக் கேட்டு, 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டார்கள். சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்டது என்ன, சிரித்தவர் பேசியவரா கேட்டவரா என்பதே கணக்கு. ஒட்டுக்கேட்பதற்கு இவ்வளவு கௌரவமான காரணம் வேறு யாருக்குக் கிடைக்கும்? 1993-ல் முடிவுகள் வெளியாயின. நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்த சிரிப்பு, நூற்றுக்கு இருபதைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் ‘அப்புறம் பார்க்கலாம்’, ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ போன்ற வெறும் பேச்சுக்குப் பின்னால் வந்தவை.

இன்னொன்றும் தெரிந்தது. கேட்பவரைவிடப் பேசுபவரே 46 விழுக்காடு அதிகமாகச் சிரித்தார். பெண் பேசி ஆண் கேட்கும் இடத்தில் அந்தப் பெண் சிரித்தது ஆணைவிட 127 விழுக்காடு கூடுதல். எனக்கு இந்த எண்தான் உறுத்துகிறது. அவள் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டதால் வந்த சிரிப்பு அல்ல இது. ‘நான் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்’ என்று முன்கூட்டியே வேண்டிக்கொள்ளும் சிரிப்பாகவே எனக்குப் படுகிறது. அறிஞர்கள் வேறு விளக்கம் தரலாம். எந்த அலுவலகத்திலும் அரைமணி நேரம் காது கொடுத்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

தனியே இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது நாம் சிரிப்பது சுமார் 30 மடங்கு அதிகம் என்றும் ப்ரொவைன் கண்டார். ஆக, சிரிப்புக்கு வேண்டியது நகைச்சுவை அல்ல, பக்கத்தில் ஓர் ஆள். சிரிப்பொலியின் அமைப்பு எளியது: ‘ஹ’ என்ற சிறு துண்டு, நொடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை. பதிவு செய்த சிரிப்பைத் தலைகீழாக ஓட்டினாலும் அது சிரிப்பாகவே கேட்கும். போகப்போகத் தேய வேண்டிய ஒலி வளர்ந்துகொண்டே வரும், அவ்வளவுதான்.

இந்த ஒலி தொற்றும் என்பதை வியாபாரிகள் அறிஞர்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். 1922-ல் அமெரிக்காவில் ஓகே என்ற நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. ஒருவர் சோகமாகக் கார்னெட் என்ற பித்தளை ஊதுகருவியை வாசிக்கிறார். ஒரு பெண் சிரிக்கத் தொடங்குகிறாள். பிறகு ஓர் ஆணும் சேர்ந்துகொள்கிறார். ஏன் சிரிக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கேட்பவர்களும் காரணம் கேட்காமல் சிரித்தார்கள்.

ஆனால் தொற்றும் சிரிப்பெல்லாம் மகிழ்ச்சி ஆகாது. 1962-ல், இன்று தான்சானியாவில் சேர்ந்திருக்கும் அன்றைய டாங்கனிகாவின் காஷாஷா கிராமத்தில், பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றில் மூன்று மாணவிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அது பரவி, 159 பேரில் 95 பேரைப் பிடித்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பள்ளியையே மூட நேர்ந்தது. நஞ்சோ கிருமியோ எதுவும் அகப்படவில்லை. மன அழுத்தமே பின்னர் காரணமாகச் சொல்லப்பட்டது. இதை வேடிக்கைத் துணுக்காகச் சொல்லித் திரிவது எனக்குப் பிடிப்பதில்லை.

1950-களில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் சிரிப்பைப் பெட்டியில் அடைத்தார். விசையை அழுத்தினால் ஆண் சிரிப்பு, பெண் சிரிப்பு, பல வகைகள். எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்பதற்குக் காலால் மிதிக்கும் பெடல். தொலைக்காட்சித் தொடர்களுக்கு அவரே பெட்டியோடு வந்து சிரிப்பைச் சேர்த்துவிட்டுப் போவார். மற்றவர் பார்க்காதபடி அதைப் பூட்டியும் வைத்திருந்தார். இந்த ஒலிப்பதிவு அறையில் அப்படியொரு பெட்டி இல்லை. ஆகவே இதுவரை நீங்கள் சிரித்தீர்களா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. வணக்கம்.