கிட்டாரைக் கேட்டாச்சு, இப்போ கீழ ஓடறதைக் கேளுங்க

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிர்ல உட்கார்ந்திருக்கிற கிட்டார் அணி நண்பர்களுக்கும், ராக் மியூசிக்குக்கெல்லாம் பட்டிமன்றமா, யாரு வருவான்னு கேட்டவங்களுக்குப் பதிலா இந்த ஹாலை நிரப்பி உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிடறேன். கிளாசிக் ஹார்ட் ராக் ஆல்பங்கள் இத்தனை வருஷம் தாண்டியும் அதே சூட்டோட நிக்கக் காரணம் கிட்டாரா, இல்ல டிரம்ஸும் பேஸுமா. பேஸ் பார்க்க கிட்டார் மாதிரியே இருக்கும், ஆனா கீழ்ச் சுருதியில உறுமும். நான் டிரம்ஸ், பேஸ் பக்கம். சீட்டு குலுக்கிப் போட்டு இந்தப் பக்கம் விழல, இதுதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்து நிக்கறேன்.

எதிரணித் தலைவர் நல்லாவே பேசினாரு. "கிட்டார் கடைக்குப் போய்ப் பாருங்க, புதுசா பழகுற பையன் முதல்ல வாசிக்கிறது ஸ்மோக் ஆன் த வாட்டர் ரிஃப்தான், யாராவது பேஸ் லைனை முணுமுணுத்துப் பார்த்திருக்கீங்களா"ன்னு கேட்டாரு, கைதட்டலும் வாங்கினாரு. ரிஃப்னா பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற குட்டி மெட்டு. சரி, அந்தப் பாட்டுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்.

1971 டிசம்பர். அந்தப் பாட்டோட பேண்ட் டீப் பர்ப்பிள் காரங்க மெஷின் ஹெட் ஆல்பத்துக்காக சுவிட்சர்லாந்துல மாண்ட்ரூங்கிற ஏரிக்கரை ஊருக்கு வராங்க, ரோலிங் ஸ்டோன்ஸோட நடமாடும் ஸ்டூடியோ லாரியை வாடகைக்கு எடுத்துட்டு. அங்க இருந்த கேசினோலதான் ரெக்கார்டிங்னு பிளான். டிசம்பர் 4ஆம் தேதி ஃபிராங்க் ஸாப்பா கச்சேரி நடந்துட்டு இருக்கும்போது கூட்டத்துல ஒருத்தன் ஃப்ளேர் துப்பாக்கியை மேல பார்த்து சுட்டான், கேசினோ மொத்தமும் எரிஞ்சு போச்சு, புகை ஏரி மேல படர்ந்துச்சு. அந்தப் பாட்டோட தலைப்பு யாருக்குத் தோணுச்சு? தூக்கத்துலேர்ந்து முழிச்சப்போ பேஸ் வாசிக்கிற ரோஜர் க்ளோவருக்குத் தோணுச்சு. இதை எதிரணி சொல்லாம விட்டுட்டாங்க, அதனால நான் சொல்றேன். அப்புறம் வேற ஒரு தியேட்டர்ல வாசிச்சுட்டு இருக்காங்க, சத்தம் தாங்க முடியலன்னு ஊர்க்காரங்க புகார் பண்ணி போலீஸ் வந்து கதவைத் தட்டுது, டேக் முடியற வரைக்கும் கூட இருந்த ஆளுங்க கதவை உள்ளேர்ந்து அழுத்திப் பிடிச்சு நின்னாங்க. அங்கேர்ந்தும் கிளம்பி, குளிர் காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலோட வராண்டால மெத்தைகளை அடுக்கி மிச்ச ஆல்பத்தை முடிச்சாங்க.

ரிஃப் அவங்க கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோரோடது, நான் மறுக்கவே மாட்டேன், அவ்வளவு கொஞ்சம் நோட்டுல அப்படி ஒண்ணு கட்டறது சாதாரண விஷயம் இல்ல. ஆனா கடையில அந்தப் பையன் வாசிக்கும்போது உங்களுக்குப் புல்லரிக்குதா? இல்லையே. ரெக்கார்டுல கேட்கும்போது மட்டும் ஏன் புல்லரிக்குது? முதல்ல கிட்டார் தனியா வருது, அப்புறம் டிரம்மர் இயன் பெய்ஸோட ஹை-ஹேட் தட்டு பொடிப்பொடியா ஓட ஆரம்பிக்குது, கூடவே ஸ்நேர் டிரம் வந்து சேருது, அதுக்கப்புறம்தான் க்ளோவர் ஒரே நோட்டைப் பிடிச்சுக்கிட்டு துடிதுடின்னு உள்ள நுழைவாரு. அந்த நுழையற இடம் இருக்கே, அதுவரைக்கும் அது ஒரு நல்ல ரிஃப், அந்த செகண்டுலேர்ந்துதான் அது பாட்டு. இன்னைக்கு வீட்டுக்குப் போய் அந்த முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் போட்டுக் கேளுங்க, உங்க கழுத்து எப்போ ஆட ஆரம்பிக்குதுன்னு கவனிங்க.

இப்போ என்னோட முக்கியமான சாட்சிக்கு வரேன். லெட் செப்லின், நாலாவது ஆல்பம், 1971 நவம்பர்ல வந்தது, அட்டையில பேரே கிடையாது. இதைக் கிட்டார் ஆல்பம்னு எதிரணியில ரெண்டாவதா பேசினவங்க அடிச்சுச் சொன்னாங்க. முதல் பாட்டு பிளாக் டாக். அந்த நெளிஞ்சு நெளிஞ்சு போற ரிஃபை கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் வாசிக்கிறாரு, ஆனா அதை உருவாக்கினது பேஸ் வாசிக்கிற ஜான் பால் ஜோன்ஸ். ரிஃப் ஒரு கணக்குல போகும், டிரம்மர் ஜான் போனம் அதைத் துரத்தாம நேரா தன்னோட கணக்குல போவாரு, ரெண்டும் பிரிஞ்சு போய் திரும்ப ஒரே இடத்துல வந்து இறங்கும், அந்த இறங்கற சுகத்துக்காகத்தான் அந்தப் பாட்டை நூறு தடவை கேட்கறோம். ரெண்டாவது பாட்டு ராக் அண்ட் ரோல், அது பிறந்ததே டிரம்ஸ்லேர்ந்து. வேற ஒரு பாட்டு சரியா வராம உட்கார்ந்திருந்தப்போ போனம் லிட்டில் ரிச்சர்டோட பழைய பாட்டு ஒண்ணோட டிரம்ஸ் ஆரம்பத்தைச் சும்மா அடிச்சு விட்டாரு, அதைக் கேட்டு பேஜ் மேல ரிஃபை ஏத்தினாரு. அந்த சரியா வராத பாட்டு ஃபோர் ஸ்டிக்ஸ், கைக்கு ரெண்டுன்னு நாலு குச்சியைப் பிடிச்சு போனம் அடிச்சதாலதான் அதுக்கு அந்தப் பேரே.

அப்புறம் கடைசிப் பாட்டு, வென் த லெவி பிரேக்ஸ். இதைப் பத்திப் பேசத்தான் நான் இங்க வந்ததே. மூலப் பாட்டு 1929ல கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் பாடினது, 1927ல மிசிசிப்பி ஆத்துல வெள்ளம் வந்து கரை உடைஞ்சு ஜனங்க வீடு வாசல் இழந்த கதை. நாப்பது வருஷத்துக்கு மேல ஆனப்புறம் இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்சுங்கிற பழைய கட்டடத்துல இந்தப் பசங்க உட்கார்ந்திருக்காங்க, ஒரு காலத்துல ஏழைங்களை அடைச்சு வேலை வாங்கின இடம் அது. போனமோட டிரம்ஸை ஸ்டூடியோ மாதிரி போர்வை போத்தின ரூம்ல வைக்காம, வீட்டு வாசல் ஹால்ல, உயரமா ஏறிப் போற மாடிப்படிக்குக் கீழ வச்சாங்க. இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் மேல் மாடியிலேர்ந்து ரெண்டே ரெண்டு மைக்கைத் தொங்க விட்டாரு. காலால அடிக்கிற பெரிய பாஸ் டிரம்முக்குன்னு தனி மைக் கிடையாது, நடுவர் அய்யா, அந்த அடி முழுக்க அந்தப் படிக்கட்டோட காத்து வழியா மேல ஏறி வந்த சத்தம். அதுல கொஞ்சம் எக்கோ சேர்த்தாங்க. பாட்டு டிரம்ஸ்ல மட்டும்தான் ஆரம்பிக்குது, கிட்டார் கிடையாது, குரல் கிடையாது. ஆல்பத்தோட புரொடியூசர் யாரு? ஜிம்மி பேஜ்தான். இந்தப் பாட்டுக்கு வாசல் டிரம்ஸ்தான்னு முடிவு பண்ணின அந்த கிட்டாரிஸ்டோட காதை நான் கும்பிடறேன், எதிரணிக்கும் அந்தக் காது வேணும்னு கேட்டுக்கறேன்.

அந்த அடியில என்ன இருக்கு? வேகம் இல்ல. வித்தை காட்டல. ரெண்டு கை ரெண்டு கால் இருக்கிற யாரும் ஒரு வாரத்துல அந்த பேட்டர்னைக் கத்துக்கலாம், ஆனா அந்த மாதிரி உட்கார வைக்க முடியாது. ஒவ்வொரு அடியும் மயிரிழை தள்ளி விழற மாதிரி இருக்கும், விழுந்தா தரையில விழும். வெள்ளம் வருதுன்னு பாடகர் ராபர்ட் பிளான்ட் பாடறதுக்கு முன்னாடியே வெள்ளம் வந்துடுச்சு. 1986ல பீஸ்டி பாய்ஸ்ங்கிற ராப் குழு தங்களோட முதல் ஆல்பத்தோட முதல் பாட்டுக்கு எடுத்துக்கிட்டது இந்த டிரம்ஸைத்தான், ராக்கே கேட்காத பசங்க கூட அப்படித்தான் போனமைக் கேட்டாங்க.

அடுத்து ஏசி/டிசி, பேக் இன் பிளாக், 1980 ஜூலை. பாடகர் பான் ஸ்காட் பிப்ரவரில இறந்து போறாரு. அஞ்சே மாசத்துல புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோட பகாமாஸ்ல ரெக்கார்ட் பண்ணி ஆல்பம் வெளிய வருது. துக்கத்துல இருக்கிற ஒரு பேண்ட் சாயாம நின்னது எதனாலன்னு நினைக்கறீங்க? ஆங்கஸ் யங் ஸ்கூல் யூனிஃபார்ம்ல மேடை முழுக்க ஓடறாரு, எல்லாரோட கண்ணும் அவர் மேல, சந்தோஷம். பின்னால ஃபில் ரட் டிரம்ஸ், கிளிஃப் வில்லியம்ஸ் பேஸ், பக்கத்துல ஆங்கஸோட அண்ணன் மால்கம் யங். அந்த டைட்டில் பாட்டோட ரிஃபுக்கு நடுவுல ஓட்டை இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? கிட்டார் அடிச்சுட்டு நிறுத்திடும், அந்தக் காலி இடத்துல டிரம்ஸ் மட்டும் நடந்து போகும். அந்த இடத்தை ஃபில் ரட் நிரப்பியிருக்கலாம், உருட்டியிருக்கலாம், அவர் ஒண்ணுமே பண்ணல, நேரா நடந்தாரு. தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீங்க, வடம் பிடிச்சு இழுக்கறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க, ஆனா சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போட்டு அத்தனை பெரிய தேரைத் தெரு முனையில திருப்பறது குனிஞ்சு நிக்கற நாலு பேர்தான், மேல பார்க்கறவங்களுக்கு அவங்க தெரியறதே இல்ல. ஃபில் ரட் அந்த வேலை பாக்கறவர்.

மால்கமும் கிட்டார்தானேன்னு எதிரணி இப்போ குறிப்பு எழுதிட்டு இருக்காங்க, தெரியுது. கையில பிடிச்சது கிட்டார், செஞ்ச வேலை தாளம். பேக்கிங் பாட மட்டும் மைக்குக்கு முன்னால வருவாரு, பாடி முடிச்ச உடனே திரும்ப டிரம்ஸ் பக்கத்துலயே போய் நின்னுக்குவாரு. தனியா வாசிச்சு அசத்தற சோலோவைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துட்டு வாழ்க்கை முழுக்க வலது கையால தாளம் போட்டவரை நாங்க எங்க அணியிலதான் சேர்த்துக்குவோம், விடமாட்டோம்.

பிளாக் சபாத் பத்திச் சொல்லும்போது கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமிக்குத் தலை வணங்காம மேல போக முடியாது. பர்மிங்ஹாம்ல தகரம் வெட்டற ஃபேக்டரில ரெண்டு விரல் நுனி போயி, பிளாஸ்டிக்கை உருக்கித் தானே தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்ச மனுஷன். எதிரணி இதைச் சொன்னப்போ நானும்தான் கைதட்டினேன். ஆனா அந்த பேண்டுல ஒரே ஒரு கிட்டார்தான். ஐயோமி மேல ஏறிப் போனா மேடையில கீழ யாரு? முன்னாடி கிட்டார் வாசிச்சுட்டு இருந்து பேஸுக்கு மாறின கீசர் பட்லர். அவர் ரிஃப் கூடவே போவாரு, கம்பியை வளைச்சு இழுப்பாரு, சோலோ வந்தா ரெண்டு பேர் இடத்தையும் ஒருத்தரா நிரப்புவாரு, அந்தப் பாட்டு வரிகள்ல பெரும்பாலானதை எழுதினதும் அவர்தான். டிரம்மர் பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், வார் பிக்ஸ்ல அவரோட கை எப்படி ஆடுதுன்னு கேளுங்க, கனமும் இருக்கும், ஊஞ்சல் மாதிரி ஆட்டமும் இருக்கும். அவங்களுக்கு அப்புறம் கனமா வாசிச்ச எத்தனையோ பேண்டுக்கு அந்த ஊஞ்சல் வரல, என் காதுக்கு அதுதான் வித்தியாசம்.

அப்புறம் எரப்ஷன்ங்கிற கிட்டார் சோலோ. வான் ஹேலன், 1978, ரெண்டு நிமிஷம் கூட இல்ல, கிட்டார் உலகத்தையே திருப்பிப் போட்டது, இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு. அதை வாசிச்ச எடி வான் ஹேலன் கிட்டாருக்கு முன்னாடி டிரம்ஸ்தான் வாசிச்சாரு. பேப்பர் போட்டு டிரம்ஸுக்குக் காசு கட்டிட்டு இருந்தாரு, அவர் வெளிய போயிருக்கற நேரத்துல அண்ணன் அலெக்ஸ் அதை எடுத்து வாசிச்சு தம்பியை விட நல்லா வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு, அப்புறம்தான் எடி அண்ணனோட கிட்டாரை எடுத்தாரு. அவரோட ரிதம் கிட்டாரைக் கேட்டா அந்த டிரம்மர் இன்னும் உள்ள உட்கார்ந்திருக்கறது தெரியும், அதைத்தான் நான் அவரோட சோலோவை விடப் பெருசா நினைக்கறேன்.

பேஸ் லைனை யாரு கேட்கறான்னு கேட்டதுக்கும் பதில் வேணும்ல. த ஹூ, லைவ் அட் லீட்ஸ், 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் யூனிவர்சிட்டி சாப்பாட்டு ஹால்ல நடந்த கச்சேரி. ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஒரு காதுல கிட்டார், இன்னொரு காதுல ஜான் என்ட்விசிலோட பேஸ். கிட்டார் காதை எடுத்துட்டு பேஸ் காதை மட்டும் வச்சுக் கேளுங்க, முழுப் பாட்டும் இருக்கும். ரஷ் பேண்டோட மூவிங் பிக்சர்ஸ்ல ஒய்ஒய்ஸீன்னு ஒரு பாட்டு, டொரன்டோ ஏர்போர்ட்டோட குறியீடு அது, அதை மோர்ஸ் தந்தியில அடிச்சா என்ன தாளம் வருமோ அதுலதான் பாட்டே ஆரம்பிக்குது. நடுவுல கெட்டி லீயோட பேஸும் நீல் பியர்ட்டோட டிரம்ஸும் மாத்தி மாத்திப் பேசிக்கும். மோட்டர்ஹெட்டோட ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ் லெமியோட பேஸ்லதான் ஆரம்பிக்குது, அதைக் கிட்டார்னு நினைச்சுக் கைதட்டினவங்க இந்த ஹால்லயே இருப்பாங்க.

நம்ம ஊர்ல சுருதி மாதா, லயம் பிதான்னு சொல்லுவாங்க. அதுல எதிரணிக்கு சுருதியைக் கொடுத்துடறேன், லயத்தை எங்ககிட்ட விட்டுடுங்க.

மணி அடிச்சுட்டீங்க, ஒரே ஒரு நிமிஷம். டீப் பர்ப்பிள்ல பிளாக்மோர் போனாரு, வந்தாரு, திரும்பப் போனாரு, அப்புறம் ஸ்டீவ் மோர்ஸ் வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் வாசிச்சாரு, 2022ல சைமன் மெக்பிரைட் வந்தாரு. பேண்ட் நிக்கல. ஆரம்பத்துலேர்ந்து எல்லா வரிசையிலயும் இருக்கிற ஒரே ஆள் டிரம்மர் இயன் பெய்ஸ். டிரம்மர் கீத் மூன் இறந்தப்புறமும் த ஹூ நடந்துச்சேன்னு கேப்பீங்க, நடந்துச்சு, கென்னி ஜோன்ஸ் நல்ல டிரம்மர், ஆனா அந்தப் பழைய கொந்தளிப்பு வந்துச்சான்னு உங்க காதையே கேளுங்க. லெட் செப்லின் அதைச் செஞ்சு பார்க்கவே இல்ல. 1980 செப்டம்பர் 25ஆம் தேதி போனம் இறந்தாரு, 32 வயசு. பேஜ் இருந்தாரு, பிளான்ட் இருந்தாரு, ஜோன்ஸ் இருந்தாரு, கூப்பிட்டா எந்த டிரம்மரும் ஓடி வந்திருப்பாங்க. டிசம்பர் 4ஆம் தேதி, நாங்க இருந்தபடியே இனி தொடர முடியாதுன்னு அறிக்கை விட்டாங்க, முடிஞ்சு போச்சு. 27 வருஷம் கழிச்சு, 2007 டிசம்பர்ல லண்டன் ஓ2 அரங்கத்துல ஒரே ஒரு ராத்திரி முழுக் கச்சேரி வாசிக்க ஒத்துக்கிட்டப்போ, அந்த டிரம்ஸுக்குப் பின்னால போனமோட மகன் ஜேசனைத்தான் உட்கார வச்சாங்க.

நன்றி, வணக்கம்.