பள்ளிக்கரணையின் நீர்மட்டத்தை யார் முடிவு செய்வது?

(தென்சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று பல பகுதிகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஒவ்வொரு பகுதியின் குறையையும் சொன்னார்கள். எங்கள் தெருவில் வடிகாலே இல்லை என்றார் ஒருவர். வடிகால் இருக்கிறது, ஆனால் அதன் வழியாகத்தான் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றார் இன்னொருவர். எல்லாம் உண்மைதான். நான் பேசப் போவது இவை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற ஒரு விஷயம். உங்கள் எல்லோர் தெருவிலும் பெய்கிற மழை கடைசியில் வந்து சேருவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அக்டோபர் முதல் தேதி அந்தச் சதுப்பில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும்? இதைச் சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், அந்த எண் ஊருக்கே தெரிய வேண்டும். இதுதான் என் கோரிக்கை. வேலை பார்த்த காலம் முழுக்க நிலமட்டம் அளக்கும் லெவலிங் கருவியோடு ஏரிக்கரைகளில் அலைந்தவன் நான். எனக்கு எதையும் மட்டத்தில் ஆரம்பித்துத்தான் யோசிக்க வரும்.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார்த்துவிடலாம். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து நன்மங்கலம் ஏரிக்கு வரும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், அதற்கடுத்துச் சதுப்பு நிலம். இது ஒரு கிளை. ஆதம்பாக்கம் பக்கமிருந்து வரும் வீராங்கல் ஓடை இன்னொரு கிளை. இப்படிச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை இங்கே இறங்குகிறது. உள்ளே வரப் பல வழி. வெளியே போக முக்கியமான வழி ஒன்றே ஒன்று, ஒக்கியம் மடுவு. அதைத் தாண்டிப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே பல கிலோமீட்டர் நகர்ந்து, முட்டுக்காட்டுக்குப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். வழி நெடுக நிலம் ஏறக்குறைய சமதளம். கடலில் அலை ஏற்றம் இருந்தால், முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால், தண்ணீர் நின்றுவிடும்.

இப்போது இந்த வழியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏரிகள் நீர்வளத் துறையிடம். செம்பாக்கமும் கீழ்க்கட்டளையும் தாம்பரம் மாநகராட்சி எல்லை. நன்மங்கலம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் எல்லாம் ஊராட்சிகள். பள்ளிக்கரணைக்கு வந்தால் சென்னை மாநகராட்சி. சதுப்பின் காப்புக்காட்டுப் பகுதி வனத்துறையிடம். ஓரத்திலிருக்கும் பெருங்குடி குப்பைக்கிடங்கு மாநகராட்சியுடையது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் குடிநீர் வாரியத்துடையது. சதுப்பை இரண்டாகப் பிளந்து போகும் 200 அடி ரேடியல் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஒக்கியம் மடுவின் மேல் பழைய மகாபலிபுரம் சாலை, அதோடு மெட்ரோ ரயில் பாதை. பக்கிங்ஹாம் கால்வாய் மறுபடியும் நீர்வளத் துறை. சுற்றிக் கட்டடம் கட்ட அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். மாவட்டமும் இரண்டு, சென்னையும் செங்கல்பட்டும். இத்தனை பேரில் யாரும் வேலை செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பலர் நன்றாகவே செய்கிறார்கள். ஒருவர் செய்யும் வேலை அடுத்தவர் எல்லையில் என்னவாகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மே மாதம் ஒரு மத்தியான நேரம், உங்கள் தெருமுனையில் இருக்கும் மழைநீர் வடிகாலின் மூடியைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். மழை பெய்து மாதங்கள் ஆகியிருக்கும். உள்ளே காய்ந்த வண்டல் மட்டும்தான் இருக்க வேண்டும். ஆனால் பல தெருக்களில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், மேலே சோப்பு நுரை மிதக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பு வராத வீடுகளும், வந்தும் இணைக்காத அடுக்குமாடிகளும் வடிகாலில் குழாயைச் சொருகிவிட்டதன் விளைவு அது. வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மாநகராட்சி குழாயை அடைத்தால் வீட்டுக்காரருக்குப் போக்கிடம் இல்லை, அதனால் நாலு நாளில் அடைப்பு உடைபடும்.

அந்தக் கறுப்புத் தண்ணீர் சதுப்புக்குப் போகிறது. அதிலிருக்கும் சத்து ஆகாயத்தாமரைக்கு உரம். கோடை முழுக்க அது தழைத்துப் பரவி, செப்டம்பரில் ஒக்கியம் மடுவின் பாலத்தடியில் போய்ப் பாய் விரித்தாற்போல் அடைத்துக்கொள்ளும். பருவமழைக்கு முன்னால் நீர்வளத் துறை மிதவை எந்திரம் கொண்டுவந்து அதை வாரும். அள்ளிய களையைக் கரையிலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போகும். ஒரு வாரியம் இணைப்புக் கொடுக்காத வேலையின் செலவை வேறொரு துறை ஆண்டுதோறும் எந்திர வாடகையாகக் கட்டுகிறது. இந்தச் செலவு இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் அதிகாரி யாருமில்லை. எழுதிப் பார்த்தால், வடிகாலில் சாக்கடை கலப்பதை நிறுத்துவதுதான் மிக மலிவான வெள்ளத் தடுப்பு வேலை என்று தெரியவரும். சதுப்பை மீட்பதற்கும் முதல் வேலை அதுதான்.

சரி, மட்டத்துக்கு வருகிறேன். இதில் ஒரு உண்மையான முரண்பாடு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பறவைகளுக்கும் நிலத்தடி நீருக்கும் சதுப்பில் தண்ணீர் நிற்க வேண்டும். தாழைக்கோழிக்குச் சம்பும் நாணலும் வேண்டும், பூநாரைக்கு ஆழமில்லாத தெளிந்த பரப்பு வேண்டும். வெள்ளத்தைப் பார்ப்பவர்களுக்கோ மழைக்கு முன்னால் சதுப்பு எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு பக்கமும் நியாயம்தான். இரண்டையும் மாத வாரியாகப் பிரித்துக்கொள்ள முடியும். செப்டம்பர் கடைசிக்குள் மட்டம் இறங்கியிருக்க வேண்டும், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதைப் பேசி முடிவு செய்ய ஒரு பொதுவான எண் வேண்டும். மாநகராட்சி கட்டும் வடிகாலின் அடிமட்டமும், சாலையடிச் சிறுபாலத்தின் மட்டமும், மடுவின் படுகை மட்டமும் கடல் மட்டத்தை வைத்து ஒரே கணக்கில் எழுதப்பட்டு, ஒரே வரைபடத்தில் இருக்க வேண்டும். வடிகாலின் வாய் சதுப்பின் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் உங்கள் தெருவுக்குத்தான் திரும்பி வரும். வடிகால் வழியாகத்தான் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று முன்னால் சொன்ன நண்பருக்குப் பதில் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வடிகால் கட்டும் வேலை வேகமெடுத்திருக்கிறது. கோவளம் வடிநிலப் பகுதியில் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடனோடு பெரிய திட்டமே நடந்து வருகிறது. வேண்டிய வேலைதான். ஆனால் தெருவில் வடிகால் அகலமாக அகலமாகச் சதுப்புக்குத் தண்ணீர் சீக்கிரமாக வந்து சேரும். கீழே வாசல் அதே அளவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதை நீங்கள் பார்த்தவர்கள். வேலையைக் கடல்முகத்தில் ஆரம்பித்து மேலே கொண்டுவர வேண்டும். முகத்துவாரம், பக்கிங்ஹாம் கால்வாய், மடுவு, சாலையடிச் சிறுபாலங்கள், அதற்கப்புறம் தெரு வடிகால். கடற்கரையோர மணல் பகுதியில் வடிகாலே வேண்டாம், மழை தானாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் இதே கோவளம் வடிநிலத் திட்டத்தில்தான். மண்ணைத் தெரிந்தவர்களின் கேள்வி அது. முதல் நாளே அவர்களைக் கேட்டிருந்தால் வழக்கே வந்திருக்காது.

பள்ளிக்கரணைக்குப் பாதுகாப்பு மெல்ல மெல்லத்தான் கிடைத்தது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர் ராம்சர் தலமானது, அதாவது ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமானது. அந்த ராம்சர் எல்லைக்குள் இருக்கும் நிலமெல்லாம் வனத்துறையிடம் இல்லை, அதனால்தான் இவ்வளவு சச்சரவு. 2025-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று தடுத்து வைத்தது. வீடு கட்டக் காத்திருப்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. எல்லையை நிலத்தில் அளந்து, சர்வே எண் போட்டு முன்பே வெளியிட்டிருந்தால் இந்த நிலைமை அவர்களுக்கும் வந்திருக்காது. 2021-இல் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு அமைத்த வெள்ளத் தணிப்புக் குழு 2023-இல் அறிக்கை கொடுத்தது. ஆலோசனைக்குப் பஞ்சமில்லை.

துறைகள் சேர்ந்து வேலை செய்வது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். கொழும்பைப் பாருங்கள். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் கோட்டேயில் இருக்கும் நாடாளுமன்றமே தண்ணீரில் நின்றது. அங்கே தாழ்நிலங்களை மேடாக்கி நகரத்தை விரிப்பதற்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுக் கூட்டுத்தாபனம் ஒன்று உண்டு. அதே நிறுவனம்தான் பிற்பாடு சதுப்புகளைக் காக்கும் வேலையைக் கையில் எடுத்தது. உலக வங்கிக் கடனில் 2012-இல் தொடங்கிய பெருநகரத் திட்டத்தில், கால்வாய் தூர்வாருவதும் சதுப்பு நிலத்தை வெள்ளம் தாங்கும் இடமாக வைத்துக்கொள்வதும் ஒரே கணக்கில் வந்தன. பெத்தகானவில் மக்கள் நடந்து பார்க்கச் சதுப்புப் பூங்கா அமைத்தார்கள். 2018-இல் துபாயில் நடந்த ராம்சர் மாநாட்டில், சதுப்பு நில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலாகக் கிடைத்த நகரங்களில் கொழும்பும் ஒன்று. அங்கே இன்றைக்கும் நிலம் நிரப்பும் ஆசை போய்விடவில்லை, மழையில் தெருக்கள் தண்ணீரில் மூழ்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் சதுப்பை நிரப்பினால் வெள்ளம் எவ்வளவு கூடும் என்ற கணக்கு அரசின் மேஜையில் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் நான் இங்கே கேட்கிறேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் செம்பாக்கம் ஏரி இருக்கிறது. நீர்வளத் துறையின் அனுமதியோடு, நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆகியவை சேர்ந்து அதை மீட்க இறங்கின. ஏரியின் உரிமையாளர் ஒருவர், மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ந்தவர் ஒருவர், உள்ளே வரும் கழிவுநீரோ உள்ளாட்சியின் பொறுப்பு. எனக்கு அதில் பிடித்தது, அந்த ஏரியைத் தனி ஏரியாகப் பார்க்காமல் பள்ளிக்கரணைக்கு மேலே இருக்கும் சங்கிலியின் ஒரு கண்ணியாகப் பார்த்து ஆரம்பித்ததுதான். மேலே ஒரு ஏரியில் தேங்கும் தண்ணீர், புயல் நாளில் கீழே வேளச்சேரிக்கு வராத தண்ணீர்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. ஒக்கியம் மடுவுப் பாலத்திலும், சதுப்பின் வடக்கே ஒரு இடத்திலும், நாராயணபுரம் ஏரிக் கலங்கலிலும் ஒரே மட்டக் கணக்கில் அளவுகோல் வரைய வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் படிக்கத் தெரியும்படி. செப்டம்பர் முதல் வாரத்தில் நீர்வளத் துறை, வனத்துறை, இரண்டு மாநகராட்சிகள், ஊராட்சிகள், குடிநீர் வாரியம், நெடுஞ்சாலைத் துறை, மெட்ரோ எல்லோரும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து அந்த ஆண்டின் மட்டத்தை முடிவு செய்து கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் வார்டு அலுவலகங்களில் ஒட்டப்பட வேண்டும். இரண்டு மாவட்ட ஆட்சியர்களில் யார் கூட்டத்தைக் கூட்டுவது என்பதை அரசு ஒரு ஆணையில் எழுதிவிட்டால் போதும், புது அமைப்பு எதுவும் தேவையில்லை. நகரத்தில் இருப்பவர்கள் இதைப் பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள், ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஒரே வாசகத்தில் எல்லா இடத்திலிருந்தும் போனால்தான் பலன்.

மனுவின் வரைவு கதவுக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. சதுப்புக்கு மேலே இருக்கும் ஊராட்சிக்காரர்கள் முதலில் படியுங்கள், உங்கள் ஏரியின் பெயர் விடுபட்டிருந்தால் இப்போதே எழுதிச் சேர்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.