ஏரியை எங்கே மறைப்பது?

வணக்கம் நேயர்களே. நான் வீடு வடிவமைக்கும் கட்டடக் கலைஞன். ஏரிக்கரையில் இடம் வாங்கியவர்கள் என்னிடம் வந்ததும் பெரும்பாலும் சொல்வது, "எல்லா அறையிலிருந்தும் தண்ணீர் தெரியணும்" என்பதுதான். அந்த ஆசை நியாயமானது. ஆனாலும் பிளானில் கை வைக்கும்போது நான் முதலில் யோசிப்பது, ஏரி எங்கெல்லாம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதை.

சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே தன் பெற்றோருக்காக 1923-24-ல் கட்டியது. பரப்பு சுமார் 64 சதுர மீட்டர்தான். ஏரிப் பக்கம் கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஜன்னல். அப்படிப்பட்டவர் தோட்டத்தில் என்ன செய்தார் தெரியுமா? ஏரியை மறைத்து ஒரு சுவர் எழுப்பினார்! அதில் சதுரமாக ஒரு திறப்பு மட்டும் விட்டு, அதன் அருகே ஒரு மேசையைப் போட்டார். அங்கே உட்கார்ந்தால் தண்ணீரும் எதிர்க்கரை மலையும் அந்தச் சதுரத்துக்குள் வந்து நிற்கும். நாள் முழுக்க எதிரே விரிந்து கிடக்கிற தண்ணீரைக் கண் சில மாதங்களில் கவனிக்காமல் விட்டுவிடும். மறைத்து, ஓரிடத்தில் திறந்தால் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கும். அதனால்தான் வாசலில் நுழைந்ததும் ஏரியைக் காட்டாதீர்கள் என்கிறேன். ஒரு சுவரைச் சுற்றி நாலடி நடந்த பிறகு தெரியட்டும்.

வெளிச்சத்துக்காகவும் மறைக்க வேண்டியிருக்கிறது. சூரியன் உச்சியில் இருக்கும்போது தண்ணீர் மிகக் கொஞ்சம் ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். சூரியன் தாழத் தாழ அதுவே கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஏரி மேற்கே இருந்தால் மாலையில் வீட்டுக்குள் இரண்டு வெயில்: ஒன்று வானத்திலிருந்து, இன்னொன்று நீரிலிருந்து. ஜன்னலுக்கு மேலே எவ்வளவு நீளமாக சன்ஷேடு போட்டாலும் கீழிருந்து வருவதை அது தடுக்காது. ஆரம்ப காலத்தில் நான் வரைந்த ஒரு வீட்டில் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரு வருடம் கழித்துப் போனபோது, சாயங்காலம் ஐந்து மணிக்கே கனத்த திரையை இழுத்து மூடியிருந்தார்கள். ஏரி மிக அழகாக இருக்கிற நேரத்தில் அவர்களுக்கு ஏரியே இல்லை. எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. இப்போது மேற்குப் பக்கம் ஆழமான வராந்தா, நெட்டுக்குத்தான பலகைகள், ஓரிரண்டு மரங்கள், அப்புறம்தான் கண்ணாடி.

சரி, தரைக்கு அடியில்? ஏரிக்கரையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்திலேயே நிற்கும். ஏரி ஏறினால் அதுவும் ஏறும். நான் சொன்ன அந்தச் சுவிஸ் வீட்டிலேயே அடித்தள அறையை நீர் படகைத் தள்ளுவதுபோல மேலே தள்ளி, சுவரில் விரிசல் விழுந்தது. காலியாக இருக்கும் செப்டிக் டேங்க் கூட இப்படி மண்ணை விட்டு எழும்பிவிடும். ஆகவே மழைக்காலத்தில் மண் பரிசோதனை செய்யுங்கள். ஏரி இதுவரை அதிகமாக ஏறிய மட்டம் எது என்று பக்கத்தில் வெகுகாலம் இருப்பவர்களிடம் கேளுங்கள். பேஸ்மென்ட் ஆசையை விட்டுவிட்டு, அந்த மட்டத்துக்கு மேலே தூண்களில் வீட்டைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் நல்லது. கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும். இடம் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பார்வையை மறைக்கிறது என்று கரையோர நாணலை மொத்தமாக வெட்டிவிடாதீர்கள். அதன் வேர்கள்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. தோட்டத்து உரம் மழையோடு ஏரியில் கலந்தால், அதிலுள்ள பாஸ்பரஸில் பாசி பெருகும். அந்த உரத்தில் ஒரு பகுதியை வழியிலேயே தடுப்பதும் இந்த நாணல்தான். ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் வழி விடுங்கள். இரண்டு பக்கமும் நாணல் நிற்க, நடுவே தண்ணீர் தெரியும். அந்தச் சுவரில் விட்ட சதுரத்தைப் போலவே.