ஆவாரை பூத்திருக்க

(பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன சில வரிகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்த நூலகத்துக்கு இரண்டு மின்விசிறியும் இருபது நாற்காலியும் வாங்கித் தந்ததோடு இன்றைய சுக்குக் காப்பிச் செலவையும் ஏற்றுக்கொண்டிருக்கும் நூற்பாலை அதிபர் ஐயா அவர்களே, விடுமுறை நாளிலும் சாவியோடு வந்து திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, மைக் செட்டுத் தம்பி, முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மேடையில் ஒருவரை விட்டுவிட்டேன். இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால் சால்வை போர்த்தியவரையும் சொல்லிவிடுகிறேன்: அவருக்கும் நன்றி. நூற்பாலை ஐயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

'ஆவாரை: பெயரும் பொருளும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பகுதியாகப் பேசலாம் என்று வந்தேன். ஒன்று பெயர். இரண்டு, பழைய பாட்டுகளில் இந்தப் பூ நிற்கிற இடம். மூன்று மருத்துவம்.

ஆவாரை என்றதும் இங்கே பாதிப் பேர் வாயில் ஒரு பழமொழி வந்திருக்கும்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?"

ஆவாரஞ்செடி பூத்து நிற்கிற ஊரில் நோயால் சாகிறவர்கள் இருப்பார்களா என்று கேட்கிறது. இருப்பார்கள். எங்க அப்பாரு செத்த அன்றைக்கு, ஊருக்குத் தென்புறத்தில் இருக்கிற கல்மேடான கரடு முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. ஆகவே பழமொழியை நம்பி யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். என் மூன்றாம் பகுதி இதோடு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் இருக்கிறது. பூ, இலை, பட்டை, வேர், வித்து என ஐந்தும் மருந்து. அதைச் சொல்லச் சித்த மருத்துவர் வேண்டும், தமிழ் வாத்தியார் கூடாது.

தமிழ் வாத்தியாருக்கு அந்தப் பழமொழியில் வேறு வேலை இருக்கிறது. 'சாவாரை' என்பதைப் பிரித்தால் சாவார், அதன்மேல் ஐ. இரண்டாம் வேற்றுமை. அதே காதோடு 'ஆவாரை'யைக் கேளுங்கள். ஆவார், அதன்மேல் ஐ. சாகிறவர்கள் ஒரு பக்கம், ஆகிறவர்கள், அதாவது தேறிப் பிழைக்கிறவர்கள் ஒரு பக்கம். செடியின் பெயரில் வேற்றுமை உருபு கிடையாது. சங்கப் பாட்டில் அது ஆவிரை. நாக்கில் புரண்டு புரண்டு ஆவாரை, ஆவாரம் என்று ஆகியிருக்கிறது. ஆனால் பழமொழி கட்டிய அந்தப் பேர் தெரியாத ஆள், சாவாருக்கு எதிரே ஆவாரை நிறுத்தலாம் என்று கண்டுகொண்டான் பாருங்கள், அவன் கெட்டிக்காரன். செடிக்குப் பொருள் தேடி அகராதிக்கு நாம் போகிறோம். அவன் எதுகைக்குப் போய்ப் பொருளோடு திரும்பியிருக்கிறான்.

சங்கப் பாட்டுக்கு வருவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறாரே, அதில் 'விரிமலர் ஆவிரை' உண்டு. குறுந்தொகை 173ஆம் பாட்டில் 'பொன்னேர் ஆவிரைப் புதுமலர்' என்று வருகிறது. பொன்னுக்கு நிகரான ஆவிரை. என்ன பெருமை என்று நினைத்துவிடாதீர்கள், வருகிற இடத்தைப் பாருங்கள். காதலித்த பெண் கிடைக்காதவன், பனை மட்டையில் குதிரை செய்து, அதற்கு மணி கட்டி, ஆவிரை மாலை போட்டு, ஊர் நடுத்தெருவில் ஏறி வருகிறான். மடலேறுதல். வெட்கத்தை விட்டவன் கையில் எடுக்கிற பூ இது. எருக்கு, பூளை, ஆவிரை என்று வேலியோரத்தில் கிடப்பதைத்தான் அவன் சூடுகிறான். மல்லிகையும் முல்லையும் சூட அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

அதே பூளையையும் ஆவாரையையும்தான் வேப்பிலையோடு சேர்த்துப் போகியன்று காப்புக் கட்டுகிறோம். வாசல் நிலையில், கூரை இறவாரத்தில், மாட்டுக் கொட்டகையில், காட்டு மூலையில். ஊர் சிரிக்க வந்தவன் மாலையிலிருந்து ஊரைக் காக்கிற காப்புக்கு இந்தப் பூ எப்போது இடம் மாறியது? இதை ஆராய ஒரு தனிக் கூட்டம் போட வேண்டும். நூலகர் அம்மா குறித்துக்கொள்ளட்டும்.

தெலுங்கில் இதற்குப் பேர் தங்கேடு. தெலங்கானாவின் மாநிலப் பூ அதுதான். நமக்குச் செங்காந்தள், அவர்களுக்கு ஆவாரை. மழைக்காலம் முடியும்போது பதுக்கம்மா திருவிழா வரும். பெண்கள் தாம்பாளத்தில் தங்கேடு பூவையும் மற்றக் காட்டுப் பூக்களையும் கோபுரம்போல அடுக்கி, சுற்றிவந்து கைகொட்டிப் பாடி, கடைசியில் ஏரியில் விடுவார்கள். பதுக்கு என்றால் தெலுங்கில் வாழ்வு. வாழ்வு, அம்மா! அங்கே வாழ்வைக் கூப்பிடுகிறார்கள், இங்கே சாவாரைக் கண்டதுண்டோ என்று கேட்கிறோம். இரண்டு மொழியும் பேசி வைத்துக்கொண்டு செய்தது மாதிரி இருக்கிறது. இலங்கைக்குப் போனால் சிங்களத்தில் ரணவரா. பூவைக் காயவைத்துத் தேநீராகக் குடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஆவரங்கால் என்று ஓர் ஊரே இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் பள்ளிபாளையத்தில் ஆவாரங்காடு. போய்ப் பாருங்கள், பெயர்ப் பலகை இருக்கும்.

செடிகொடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டிய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753இல் இதற்குக் 'காசியா ஆரிகுலேட்டா' என்று பெயர் வைத்தார். இப்போது 'சென்னா ஆரிகுலேட்டா' என்கிறார்கள். ஆரிகுலேட்டா என்றால் காது உள்ளது. பூவில் எங்கே காது என்று நானும் ரொம்ப நாள் தேடினேன். பூவில் இல்லை. இலைக்காம்பு கிளையைத் தொடுகிற இடத்தில், காதுமடல் மாதிரி செதில் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் புலவன் பொன்னைப் பார்த்த செடியில் சீமைக்காரர் காதைப் பார்த்திருக்கிறார். நான் அறுபது வருஷம் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நடந்தும் இரண்டையும் பார்க்காதவன்.

இப்போது ஒரு கதை. நடந்த கதை.

என் மகன் சென்னையில் இருக்கிறான். போன வருஷம் அங்கே போயிருந்தேன். மருமகள் ஒரு இயற்கை அங்காடிக்குக் கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்தால் ஊதுபத்தி வாசம், புல்லாங்குழல் இசை, ஏசி. கோவிலா கடையா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். மருமகள் மாட்டிக்கொள்ளச் சொன்னாள். ஒரு அலமாரியில் கண்ணாடித்தாள் பை, அதில் காய்ந்த மஞ்சள் பூ. நூறு கிராம் நூற்றிருபது ரூபாய். எனக்குப் பார்த்த முகமாக இருந்தது. கடைப் பெண்ணைக் கூப்பிட்டு, "என்னம்மா இது?" என்றேன். "அங்கிள், இது ஸ்கின்னுக்கு ரொம்ப நல்லது, சுகருக்கும் நல்லது, ஸ்பெஷலா வளர்க்கறாங்க" என்றாள். "எங்க ஊர்ல இதை ஆடுகூடத் தொடாதும்மா" என்றேன். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. "அப்ப உங்க ஊர் அட்ரஸ் குடுங்க அங்கிள், ஓனர்கிட்ட சொல்றேன்" என்றாள். பிழைக்கத் தெரிந்த பிள்ளை!

வீட்டுக்கு வந்தோம். பேத்தி நான்காம் வகுப்பு. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தமிழில் ஓர் எழுத்து இல்லை, முழுக்க ஆங்கிலம். எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "அ...வ...ரம்." என்னைப் பார்த்து, "தாத்தா, அவரைக்காய்ப் பூவா?" என்றாள். ஆங்கிலத்துக்கு ஆவும் ஒன்றுதான் அவும் ஒன்றுதான். நெடில் ஒன்று குறுகிப் போனதில் காட்டுச் செடி பந்தலில் ஏறிவிட்டது! தொல்காப்பியர் மாத்திரைக் கணக்குச் சொன்னபோது இதற்கெல்லாமா ஆகும் என்று படிக்கிற காலத்தில் அலுத்துக்கொண்டவன் நான். அரை மணி நேரம் அவளை உட்காரவைத்து "ஆ... வா... ரை" என்று சொல்லவைத்தேன். மருமகள் சமையலறையிலிருந்து, "மாமா, டீ ஆறுது" என்றாள்.

கதை இன்னும் இருக்கிறது. சித்திரை விடுமுறைக்குப் பேத்தி இங்கே வந்தாள். கரட்டுக்குக் கூட்டிப் போனேன். உச்சி வெயிலில் எங்க அப்பாரு உருமாலைக்குள் ஆவாரந்தழையை வைத்துக் கட்டிக்கொண்டுதான் ஆடு மேய்க்கப் போவார், தலை குளிர்ச்சிக்கு. அதே மாதிரி அவள் தொப்பிக்குள் ஒரு கொத்து வைத்துவிட்டேன். மேட்டில் ஏறியதும் ஒரு செடியைப் பார்த்து ஓடினாள், கத்திக்கொண்டே: "தாத்தா, டீத்தூள் செடி!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் சுருக்கென்றது. ஆவிரை என்று கபிலர் எண்ணி வைத்த பூ, இரண்டாயிரம் வருஷம் எத்தனையோ வாயில் புரண்டு வந்து, என் வீட்டு வாசலில் டீத்தூள் ஆகிவிட்டது. குழந்தை மேல் குற்றமில்லை. அவள் பார்த்தது பையைத்தான், செடியை இல்லை. செடியைக் காட்டாமல் பெயரை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆவாரை பூத்திருக்க என்றுதானே பழமொழி தொடங்குகிறது. பூத்திருக்க இடம் வேண்டும். இனி நான் தலைப்பை விட்டுப் போகப்போகிறேன். தலைவர் ஐயா மணியை அடிக்க வேண்டாம், ஐந்தே நிமிடம்.

நம்ம ஊர்த் தென்புறத்துக் கரடு வருவாய்த்துறை 'அ' பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கிறது தெரியுமா? தரிசு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு வகை எழுதுவார்கள். வரி கொடுக்குமா கொடுக்காதா என்பதுதான் அந்த ஏட்டுக்குக் கேள்வி. அங்கே ஆவாரை இருக்கிறதா, கொழுஞ்சி இருக்கிறதா, கௌதாரி முட்டையிடுகிறதா என்று கேட்க அதில் கட்டம் கிடையாது. தரிசு என்று எழுதிவிட்டால் ஒன்றுமில்லாத இடம் என்று நமக்கும் தோன்றிவிடுகிறது.

ஒன்றுமில்லாத இடமா? அந்தக் காலத்தில் நெல் வயலுக்குத் தழை மிதித்தது அங்கிருந்துதான். பல் விளக்க ஆவாரங்குச்சி அங்கிருந்துதான். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிட்ட ஊர்களுக்கெல்லாம் ஆவாரம்பட்டை வண்டி வண்டியாகப் போனது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்குச் சீமையில் தனி மதிப்பு. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. கப்பலில் ஏன் வரவேண்டும் என்று அந்த மரத்தையே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கொண்டுபோய் நட்டார்கள். அது சோலைப் புல்வெளியை விழுங்கியது. நட்டவர்கள் வழி வந்த வனத்துறையே இன்று அதை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. நம்ம கரட்டில் ஆவாரையை யாரும் நட்டதில்லை, அது யாரையும் விழுங்கியதும் இல்லை. ஆடுமாடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, கல்லிடுக்கிலும் நிற்கும். ஐந்து மஞ்சள் இதழ். தேன்கூடக் கிடையாது அதில், மகரந்தம்தான். கருவண்டு வந்து பூவைப் பிடித்து 'ங்ங்ங்' என்று உடம்பை அதிர வைத்தால்தான் மகரந்தப் பையின் நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாகத் தூள் கொட்டும். காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் அந்தச் சத்தம் கேட்கலாம்.

இங்கேதான் நூற்பாலை ஐயாவிடம் வருகிறேன். ஐயா நல்ல மனசுக்காரர். அந்தக் கரட்டில் 'முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கிறது, ஜேசிபி நான் தருகிறேன், சுத்தம் செய்து ஐந்நூறு மரக்கன்று நடலாம்' என்று சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. இந்த ஊரில் கையிலிருந்து காசெடுத்து மரம் நட வருகிறவர் எத்தனை பேர்? ஒருவர்தான். அவரையும் நான் எதிர்த்துப் பேசுகிறேன் என்று யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், நானே சொல்லிவிடுகிறேன்.

ஐயா, ஐந்நூறு கன்றும் வேண்டும். ஜேசிபியும் வேண்டும். ஏரிக்கரை முழுக்கச் சீமைக்கருவேல் நிற்கிறது. அதை வேரோடு பிடுங்கிவிட்டு அங்கே நடுவோம். புங்கன், நீர்மருது, இலுப்பை எல்லாம் கரையோரத்தில் நன்றாக வரும். குழி எடுக்க வாசகர் வட்டத்திலிருந்து நாங்கள் வருகிறோம். எனக்கு முதுகு வலி, நான் தண்ணீர் ஊற்றுகிறேன். கரட்டை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே இருப்பது புதர் இல்லை, காப்பு. உங்கள் வீட்டு வாசலிலும் கட்டுகிற காப்பு. போன வருஷம் சந்தையில் அதைக் கட்டு இவ்வளவு என்று விலைக்கு வாங்கினோமே!

ஜனவரி 26 கிராம சபை. முன்னாள் தலைவர் அம்மாவும் ஊராட்சிச் செயலரும் இருக்கிறீர்கள், உங்கள் முன்னால் கேட்கிறேன். கரட்டை மண் எடுக்கவோ மட்டம் பண்ணவோ விடக்கூடாது என்று ஒரு தீர்மானம். தீர்மானத்தில் 'தென்புறத் தரிசு' என்று எழுத வேண்டாம், 'ஆவாரங்கரடு' என்று எழுதுங்கள். நானே எழுதிக்கொண்டு வருகிறேன், ஒற்றுப்பிழை இல்லாமல் இருக்கும். கைதூக்க நீங்கள் வந்தால் போதும். ஆவாரை பூத்திருக்கக் கை தூக்காதாரைக் கண்டதுண்டோ என்று அடுத்த தலைமுறை பழமொழியை மாற்றட்டும்.

மருத்துவம் பேசவில்லை, மன்னிக்கவும். வண்ணத்துப்பூச்சி பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன், இருக்கட்டும்.

போகியன்று காலை ஆறரை மணிக்குக் கரட்டடியில் கூடுகிறோம், காப்புக்குப் பூ ஒடிக்க. அரிவாள் கொண்டுவர வேண்டாம், கையாலேயே ஒடியும். செடியைப் பிடுங்காதீர்கள், நுனிக் கொத்து மட்டும். பூளைக்கு ஓடைப் பக்கம் போகணும், அதற்குச் செருப்பு அவசியம், நெருஞ்சி கிடக்கிறது. முன்வரிசை மாணவர்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நூற்பாலை ஐயாவும் வர வேண்டும். காரை மாரியம்மன் கோவில் பக்கம் நிறுத்திவிட்டால் அங்கிருந்து நடைதான், நான் கூட வருகிறேன். ஏழு மணிக்குள் மேட்டில் ஏறிவிட்டால் கருவண்டுச் சத்தம் கேட்கலாம்.

வணக்கம். சுக்குக் காப்பி வெளியே இருக்கிறது.