விதையில்லாத் தர்பூசணிக்கு விதை எங்கிருந்து வருகிறது?

அடுத்த கேள்வி: "விதையில்லாத் தர்பூசணியை விதை போட்டுத்தானே வளர்க்கிறார்கள், அந்த விதை எங்கிருந்து வருகிறது? கோல்சிசின் என்ற விஷத்தைப் பயன்படுத்துகிறார்களாமே, பழத்தைச் சாப்பிடலாமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

சாதாரண தர்பூசணிச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் 22 குரோமோசோம்கள் இருக்கும். 11 தாய் வழி, 11 தந்தை வழி. இது இருமடியம். இதன் இளநாற்றின் துளிர் நுனியில் கோல்சிசின் கரைசலை விடுவார்கள். செங்காந்தளில் இருக்கிறதே, அதே பொருள்தான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகளை இது உருவாக விடாது. இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லுக்குள் தங்கிவிடும். 22 இப்போது 44. இதுதான் நான்மடியம்.

இந்த நான்மடியச் செடி விதை தரும். அந்த விதையிலிருந்து வருவதும் நான்மடியம்தான். அதனால் மறுபடி மறுபடி கோல்சிசின் தேவையில்லை. அப்புறம் இதைத் தாயாக வைத்து, சாதாரண இருமடியச் செடியின் மகரந்தத்தைச் சேர்ப்பார்கள். தாயிடமிருந்து 22, தந்தையிடமிருந்து 11, மொத்தம் 33. இதுதான் மும்மடியம். அந்தத் தாய்ச் செடியின் பழத்தில் கிடைக்கும் விதைதான் நீங்கள் கேட்ட விதை. தாயையும் தந்தையையும் மாற்றிச் சேர்த்தால் சரியாக வராது.

சரி, 33 இருந்தால் ஏன் விதை பிடிப்பதில்லை? பாலணுக்கள், அதாவது இனப்பெருக்கத்துக்கான செல்கள், உருவாகும்போது நடக்கும் செல் பிரிவுக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். அதில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக நின்று பிரிய வேண்டும். இங்கே ஒவ்வொரு வகையிலும் மூன்று. ஒரு பக்கம் ஒன்று போனால் மறுபக்கம் இரண்டு போகும். 11 வகையும் தனித்தனியாக, தற்செயலாகப் பிரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வகையிலும் ஒன்றொன்று, அல்லது எல்லா வகையிலும் இரண்டிரண்டு என ஒரே சீராக அமைய வாய்ப்பு 1,024-ல் ஒன்றுதான். மற்றதெல்லாம் கணக்கு குழம்பிய பாலணுக்கள். அதனால் விதை முற்றாமல், மெல்லிய வெள்ளைத் தோலாக நின்றுவிடுகிறது. நீங்கள் பழத்தில் பார்க்கும் வெள்ளைச் சில்லுகள் அவைதான்.

விதை பிடிக்காவிட்டாலும், மகரந்தம் பட்டால்தான் இதில் காய் பிடிக்கும். இதன் சொந்த மகரந்தம் உதவாது. அதனால் வயலில் இடையிடையே இருமடியச் செடிகளையும் நட்டே ஆக வேண்டும். மும்மடிய விதையை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்துபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

விஷம் பற்றிய பயத்துக்கு வருவோம். கோல்சிசின் கடுமையான நச்சு, அதில் சந்தேகமே இல்லை. அதைக் கையாளுபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் அது பட்டது பல தலைமுறைக்கு முந்தைய ஒரு நாற்றின் நுனியில். உங்கள் தட்டில் இருக்கும் பழத்தின் மீதோ, அது காய்த்த செடியின் மீதோ அது படவே இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.